பை வரும் வரை

லத்தேரியிலிருந்து காட்பாடி வரை ரயில்.
அதில் ஒரு தொல்லையும் இல்லை.
ஸ்டேஷனுக்கு வெளியேதான் யோசனை ஆரம்பம்.

ஷேர் ஆட்டோவில் ஏழு பேர்.
எட்டாவதாக என் ஒரு காலை மட்டும்
ஏற்றிக்கொள்வார்கள்.
கொழுந்தனார் ஸ்கூட்டரில் பின்சீட்டு இலவசம்,
ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்
பெட்ரோல் விலையைக் கேட்டுக்கொண்டு வரணும்.

இன்று டவுன் பஸ்.
ஜன்னலோரத்து அம்மா கேட்காமலே கை நீட்டி
என் பையை மடியில் வாங்கிக்கொண்டாள்,
அவளுடைய ஸ்கேன் கவருக்கு மேலே.

விருதம்பட்டில் நின்றது வண்டி.
நின்றது நின்றதுதான்.
பாலாற்றுப் பாலத்தில்
ஹாரன் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
எட்டே முக்காலுக்கு பில்லிங் கவுண்டரில்
விரல் வைக்கணும்.
இறங்கி நடந்தேன்.

கீழே பத்து பஸ் வரிசையாகப் போகிற அகலத்துக்கு
வெறும் மணல்.
ஒரு நாய் குறுக்கே போனது,
யாருக்கும் வழிவிடாமல்.
நான் இரண்டு லாரி, ஒரு ஆந்திரா பஸ்,
கல்யாண மாலை போட்ட காரையும் தாண்டினேன்.
கர்வமாகக்கூட இருந்தது.

கிரீன் சர்க்கிளில்தான் உறைத்தது,
தோள் ஏன் இவ்வளவு லேசு என்று.
சாப்பாடு, சாவி, அடையாள அட்டை
எல்லாம் பின்னால் பஸ்ஸில் வருகின்றன.

பதினெட்டு நிமிஷம் காத்திருந்தேன்.

ஜன்னல் வழியே பை முதலில் வந்தது,
பிறகு குரல்:
"நடந்தா சீக்கிரம்னு சொல்லக் கூடாதாம்மா?
எனக்கும் ஒன்பது மணி டோக்கன்."

அரை நாள் சம்பளம் போச்சு.
நாளைக்கும் நடப்பேன்.
பையோடு.