முப்பத்தெட்டாம் நாள்

ரப்பர்ப்பால் டிப்போவில் கழித்துப்போட்ட
நீல டிரம் ஒன்று இருநூறு ரூபாய்க்குக் கிடைத்தது.
மூன்று தடவை கழுவி
நாலு நாள் வெயிலில் கவிழ்த்துவைத்து
உள்ளே தலையை விட்டு முகர்ந்தேன்.
வாடை இல்லை என்றது மூக்கு.
பதினாறு வருடம் அமோனியாவில் வேலைபார்த்த மூக்கு.
அதன் பேச்சைக் கேட்டிருக்கக் கூடாது.

பத்துக் குஞ்சுகளும்
விடியுமுன் வயிறு காட்டின.
திருவனந்தபுரத்தில் இரவுப்பணி முடித்து
முதல் பஸ்ஸில் வந்த பிரிசில்லா
செருப்புக்கூடக் கழற்றாமல் எண்ணினாள்.
"காரணம் எழுதினியா?"
அவளுடைய வார்டில்
யாரும் காரணமில்லாமல் சாக முடியாது.

அப்படித்தான் வந்தது நோட்டு.
தேதி, நேரம், வெள்ளத்தின் நிறம்.
குப்பியில் சொட்டு விட்டுக் குலுக்கி
மஞ்சளாகவே நின்றால் நல்லது,
பச்சை ஏறினால் காத்திரு.

இரண்டாவது டிரம்
மார்த்தாண்டத்து ஜூஸ் கடையில் எடுத்தது.
மாம்பழக்கூழ் வாசம் இன்னும் இருக்கிறது,
அது யாரையும் கொல்லாதாம்.
குளச்சல் பக்கம் அள்ளிவந்த சரளையில்
வினாகிரி ஊற்றியதும் நுரைத்தது:
முழுக்கச் சிப்பி.
எல்லாவற்றையும் வாழைமூட்டில் கொட்டிவிட்டு
கருங்கல் ஜல்லி வாங்கினேன், மூன்று சாக்கு.

"இனி உன் டிப்போவிலிருந்து
ஒரு மூடி அமோனியா கொண்டா" என்றாள்.
கொன்றதையா?
"அதைத் தின்ன ஆள் வரணும்லா.
ஆள் வந்தபிறகு மீன்."

கண்ணுக்குத் தெரியாத ஆட்களுக்காக
இரவும் பகலும் மோட்டார் ஓடியது.
குறும்பனையிலிருந்து ஸ்கூட்டரில் மீன் கொண்டுவரும் ரீத்தாள்
சாளையைக் கூறுகட்டியபடி எட்டிப்பார்த்தாள்.
"மீனு எங்க?"
இன்னும் வரல்ல.
"பின்ன கறண்டு பில்லு ஆருக்கு?"

பச்சை ஏறியது. ஊதா ஏறியது.
ஊதா மட்டும் இறங்கவே இல்லை.
முப்பத்தோராம் நாள் என் கையெழுத்தில்:
'எல்லாம் ஏமாத்து.'
அதன்கீழே அவள் கையெழுத்தில்:
'நோயாளிக்கு மாற்றமில்லை. தொடர்ந்து கவனிக்க.'

முப்பத்தெட்டாம் நாள் நீலம் தெளிந்தது.
சிற்றாறு அணைப்பக்கம்
மீன்குஞ்சுப் பண்ணைக்குப் போனேன்.
கறிமீன் கேட்டேன்.
டிரம்முக்குள்ளே அது முகங்கொடுக்காது என்றார்
காற்சட்டையை முட்டுவரை சுருட்டியிருந்தவர்.
திலேப்பியா இருபது,
விரல்நீளம்,
ஆக்சிஜன் ஊதிய இரண்டு பைகளில்.

குலசேகரம் பஸ்ஸில் நடத்துனர்
"எத்தனை?" என்றார்.
ஒண்ணு.
"மடியில?"
இருபது.
சிரிக்காமல் ஒரு டிக்கெட் கிழித்தார்,
வளைவு வரும்போதெல்லாம்
டிரைவரைப் பார்த்து
"மெதுவா, மெதுவா" என்றார்.

ஐப்பசி மழை அன்றைக்கே பிடித்தது.
ராத்திரி ஒன்றரைக்குக் கறண்டு போனது.
மேலே வந்து வாய்திறந்தன எல்லாம்,
வட்டமாய், ஒரே வேகத்தில்.
செம்பால் கோரிக் கோரி
உயரத்திலிருந்து ஊற்றினேன்.
குமிழி உடையுமுன் அடுத்த செம்பு.
நாலு மணிக்கு வார்டிலிருந்து போன்.
"மூச்சு எப்படி?"
ஊத்திக்கிட்டிருக்கேன்.
"கை மாத்து. தோள் பிடிச்சிடும்."
பின்னால் ஏதோ ஒரு எந்திரம்
விட்டுவிட்டுக் கூவிக்கொண்டிருந்தது.
சட்டென்று வைத்துவிட்டாள்.

விடிந்தது. பத்தொன்பது.
ஜல்லியைக் கிளறினேன்,
முளைத்த வெண்டைக்கடியில் பார்த்தேன்,
பக்கத்துவீட்டுப் பூனையின் முகத்தைப் பார்த்தேன்.
பிரிசில்லா வந்ததும் நோட்டை நீட்டினேன்.
இன்றைய தேதியை எழுதி,
காரணம் என்கிற இடத்தில் பேனாவை வைத்து
அப்படியே நின்றாள்.

"இன்னைக்கு அங்கயும் ஒண்ணு" என்றாள்.
"இதக் காலியா விடு."

கறண்டு எப்போது வந்ததென்று தெரியவில்லை.
தொட்டியில் வெள்ளம் விளிம்புவரை ஏறி
குழாய் ஒருமுறை விக்கி
எல்லாவற்றையும் கீழே இறக்கியது,
திரும்பவும் நிறையத் தொடங்கியது.
அவள் செருப்பைக் கழற்றினாள்.