முதல் கோலுக்குப் பிறகு

தண்டர் பேயில் டிசம்பர் இரண்டாம் சனி.
வெளியே மைனஸ் இருபத்தொன்பது.
உள்ளே நாலாயிரம் பேர்,
மடியில் ஆளுக்கொரு பொம்மை
பாலித்தீன் பைக்குள் மூச்சடக்கி.

நம் அணி முதல் கோல் போட்டதும்
ஐஸ்மீது எறிய வேண்டும், அதுதான் வழக்கம்.
பொறுக்கி மூட்டை கட்டி
மருத்துவமனைக்கும் பெண்கள் காப்பகத்துக்கும்
தீயணைப்பு வண்டிகளின் முன்சீட்டுக்கும் அனுப்புவோம்.
நான் ஐஸ் சீராக்கும் வண்டி ஓட்டுகிறவன்.
கடைசிப் பொம்மை அகலும்வரை
எனக்கு வழியில்லை.

முதல் இருபது நிமிடம், ஒன்றுமில்லை.
இரண்டாம் இருபதில் எதிரணி இரண்டு போட்டது.
எதிரணி கோலுக்கு யார் எறிவார்கள்?
ஒரு குழந்தை எறிந்துவிட்டது.
வெள்ளைப் பரப்பில் தன்னந்தனியாக
ஓர் ஒட்டகச்சிவிங்கி.
தகப்பன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

இந்த அணிமேல் எனக்கு மயக்கம் எதுவுமில்லை.
கார் நிறுத்தக் கட்டணத்தைப்
பதினெட்டு டாலராக்கியது இவர்கள்தான்.
போன ஜனவரி, குடியிருப்பில் கொதிகலன் வெடித்த இரவு
அறுபது குடும்பங்களுக்குக் கதவைத் திறந்ததும்
இவர்கள்தான்.
வீரர்களின் வியர்வை நாறும் அறையில்
பிள்ளைகள் வாய் திறந்து தூங்கினார்கள்.
இரண்டையும் ஒரே வரியில் கூட்டிக் கழிக்க
எனக்குக் கணக்கு வராது.

ஐம்பத்தோராவது நிமிடம்.
டாபியோ கிவேலா, பேக்கரிக்காரர் மகன், இந்த ஊர்ப் பையன்.
மூன்று சீசனில் ஒரு கோல்கூட இல்லை,
அடி வாங்குவதற்கே சம்பளம்.
யாரோ அடித்தது அவன் பின்பக்கத்தில் பட்டு
வலைக்குள் போனது.

பிறகு பெய்தது.
கரடி, முயல், டைனோசர், ஒற்றைக் காது யானை.
அக்டோபருக்குப் பின் இந்த ஊர் கண்ட முதல் மழை.
முழங்காலளவு பஞ்சில் நின்று
டாபியோ தன் பின்பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தான்.
பைகள் கிழிந்தன. நாங்கள் சவளால் அள்ளினோம்.
ஆட்டம் என்னவோ தோல்விதான்.

செவ்வாய்க்கிழமை, குழந்தைகள் வார்டு.
மூட்டை தூக்க என்னையும் கூப்பிட்டார்கள்.
படம் எடுக்கிறவர் பத்து நிமிடத்தில் கிளம்பினார்.
டாபியோ கிளம்பவில்லை.
வடக்கேயிருந்து சின்ன விமானத்தில் வந்த ஆறு வயதுக்காரன்,
கையில் ஊசி, பெயர் ஜேரட்.
இவனுடைய வீங்கிய கண்ணையே பார்த்தான்.

"தோத்துட்டீங்களா?"
"தோத்துட்டோம்."
"வலிச்சுதா?"
"கொஞ்சம்."

யோசித்தான்.
அப்போதுதான் வாங்கிய கரடியை,
இடது கண் இல்லாமலே எங்கள் சோதனையில் தப்பிய கரடியை,
திருப்பி நீட்டினான்.
"நீயே வச்சுக்கோ.
எனக்கு நாளைக்கு வேற யாராவது கொண்டு வருவாங்க."

முன்பல் இல்லாத இருவர்
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அதன்பின் அவன் அலமாரியில்
டேப் சுருளுக்கும் பல்காப்புக்கும் நடுவே
அது உட்கார்ந்திருக்கும்.
பிப்ரவரியில் அவனை விற்றுவிட்டார்கள்,
எட்டு மணி நேரப் பயணத் தொலைவில் ஓர் ஊருக்கு.
அலமாரியில் வேறு பெயர் ஒட்டும்படி
என்னிடம்தான் கொடுத்தார்கள்.
கரடி அங்கே இல்லை.

ஏப்ரலில் அரங்கின் பின்சுவரோரம்
குளிர்காலம் முழுக்க என் வண்டி சீவிக் கொட்டிய குவியல்
அழுக்காய் உருகியது.
ஒரு ரிப்பன். ஒரு டிக்கெட் துண்டு.
கறுப்புப் பொத்தான் கண் ஒன்று.

நாலாயிரத்தில் எதனுடையதோ, சத்தியம் செய்யமாட்டேன்.
சாவிக்கொத்தோடு பையில் கிடக்கிறது.

ஜூலையில் புது அட்டவணை வந்தது.
டிசம்பர் இரண்டாம் சனி,
எதிரணிச் சட்டையில் டாபியோ இங்கே வருகிறான்.
அவன் கோல் போட்டால் எறியலாமா கூடாதா என்று
டிக்கெட் ஜன்னலில் இப்போதே கேட்கிறார்கள்.