ஆறா, எட்டா

பெட்டியில் நூறு என்று அச்சடித்திருக்கும்.
எண்ணினால் தொண்ணூற்றேழு, ஒருமுறை நூற்றிரண்டு.
பகாவ் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
பாரம் எழுதி, போட்டோஸ்டாட் எடுத்துத் தரும் கடையில்
நான் காசு வாங்காமல் கொடுக்கும் ஒரே பொருள்.

நிமிர்த்தினால் பத்து சென்டிமீட்டர் கம்பி.
மூன்று வளைவு.
உள்ளே உருக்கு; மேலே துத்தநாகம்,
மந்திரி வருகிறார் என்று அவசரமாய் அடித்த சுண்ணாம்பின் கனம்.

தாளைச் செருகும்போது கம்பி கொஞ்சம் விலகும்,
விலகியதும் பழைய இடத்துக்கே வரப் பார்க்கும்.
வர முடியாமல் நடுவில் தாள் நிற்கிறது.
பிடி என்பது அவ்வளவுதான்.
பசை இல்லை, முள் இல்லை.
பத்துத் தாள் வரை பொறுக்கும்.
சொக்சோ கோப்பு முழுவதையும் திணித்தால்
வாய் பிளந்து அப்படியே நின்றுவிடும்,
அப்புறம் ஒற்றை ரசீதைக்கூடப் பிடிக்காது.
எத்தனையாவது தாளில் எல்லை என்று
பெட்டியில் போடமாட்டான்.

புதன்கிழமை சன்னாசி வந்தார்,
செம்பனைக்கு உரம் போடுகிறவர்.
தோட்டம் கைமாறுகிறது.
வருசத்துக்கு இருபது நாள் சம்பளம் என்று கணக்கு.
வேலைக்குச் சேர்ந்த கடிதம் வேண்டும்.
மைலோ டின்னுக்குள் வைத்திருந்தார்,
கிராணி அன்றைக்கு மாட்டிய கிளிப்போடு.

பொட்டாஷ் ஒட்டிய கை இரும்புக்கு ஆகாது.
மில்லின் ஈரக்காற்று வேறு.
முதலில் துத்தநாகம் வெளுத்து மாவாய் உதிர்ந்திருக்கும்,
பிறகு இரும்பு தன்னைவிடப் பெரிதாய் ஊதித்
தாளுக்குள் இறங்கியிருக்கிறது.
நகத்தால் நெம்பினேன்; வளைவில் ஒடிந்தது.
தாளில் மட்டும் முழுக் கிளிப் மிச்சம்,
மூன்று வளைவும் பிசகாமல், பழுப்பாக.

அதன் தலைவளைவு சரியாக வருசத்தின் மேல்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து...
ஆறா, எட்டா?
"எனக்கு ஆறு," என்றார்.
"கிளிப்புக்கு எட்டு."
நாற்பது நாள் சம்பளம்.

போட்டோஸ்டாட்டில் துரு கறுப்பாய் விழுந்தது.
மெஷினும் எட்டு என்றது.

நான் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்
டப்பாவிலிருந்து புதுக் கிளிப் ஒன்றை எடுத்து
முன்னும் பின்னும் வளைத்தார்.
வளைவு சுடுகிறது என்று தொட்டுப் பார்க்கச் சொன்னார்.
சுட்டது.
ஒன்பதாவது தடவை ஒடிந்தது.
"இரும்புன்னு சொன்னீங்க,"
இரண்டு துண்டையும் மேசையில்
பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

தட்டச்சு எழுத்து தாளைக் குத்தும்.
அப்போதுதான் ஞாபகம் வந்தது.
கடிதத்தைத் திருப்பி, "தடவிப் பாருங்க" என்றேன்.
அவர் விரலுக்கு எதுவும் தட்டவில்லை;
மட்டை முள்ளையே பொருட்படுத்தாத தோல்.
பென்சிலைப் படுக்கவைத்து மெல்லத் தேய்த்தேன்.
சாம்பல் நிறத்துக்குள் கறுத்து எழுந்தது
கண்ணாடியில் பார்ப்பதுபோல்
முதுகைத் திருப்பி நிற்கும் ஓர் ஆறு.

அதையும் நகலெடுத்தேன்.
கம்பெனிக்காரன் ஒத்துக்கொள்வானா தெரியாது.
மொத்தம் நாலு தாள்.
பழக்கத்தில் கை டப்பாவுக்குப் போனது.
"அது வேணாம்மா."
பிளாஸ்டிக் உறை போட்ட பச்சை ஒன்றைக் காட்டினேன்,
உப்பு உள்ளே போகாது என்றேன்.
அவர் ஒடிந்த துண்டுகளையே பார்த்தார்.

ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தேன்.
அதுவும் ஒருநாள் இளகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும்.
அதற்குள் பதில் வந்துவிட வேண்டும்.