ஆணி

ஆணி அடித்த டயரின் படத்தை
அல்ற்றாவிலிருந்து தம்பி அனுப்பியிருந்தான்.
ரப்பர் முழுக்க உலோகப் புள்ளிகள்,
கறுத்துப்போன பலாப்பழத் தோல் மாதிரி.

கீழே குரல்பதிவு:
"அக்கா, இங்க ஐப்பசி பதினாறிலிருந்து இதப் போடலாம்.
சித்திரை முப்பதுக்குள்ள கழட்ட வேணும்.
பிந்தினா தண்டம்.
நீ உன்ட ஸ்கூட்டிக்கு எப்ப மாத்துற?"

அப்போது நான் செங்கலடிச் சந்தியில்
உவைஸின் கடை வாசலில் நின்றிருந்தேன்.
பின்சக்கரம் கழன்று கிடந்தது.
போனை நீட்டினேன்.
சோப்புத் தண்ணீர்க் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு
கண்ணருகே பிடித்துப் பார்த்தான்.
"இவ்வளவு ஆணி ஏறியும்
காத்து நிக்கிதா மிஸ்ஸி?"

அவனுடைய லக்ரோஜன் பேணியில்
இந்த வருசம் பிடுங்கியவை மட்டும் கிடக்கின்றன:
கூரைத்தகட்டு ஆணி, சைக்கிள் கம்பித்துண்டு,
புலிபாய்ந்தகல் பாதையில் என் டயர் கடித்துவந்த
முள்ளுக்கம்பிப் பல்.
பேணி நிறைந்தால் பழைய இரும்புக்காரனுக்குப் போடுவான்.
அந்தக் காசில் ஒட்டுப் போடச் சொலூசன் வாங்குவான்.
வெளியே இழுக்கக் கூலி வாங்குகிறவனிடம்
உள்ளே அறைவதற்கும் சட்டம் இருக்கிறது என்றால்
சிரிக்காமல் என்ன செய்வான்.

எங்களுக்குத் திகதி கிடையாது.
கச்சான் காற்று விழுந்து
ஒருநாள் விடியப்புறம் வாடை முகத்தில் அடிக்கும்;
மின்குமிழைச் சுற்றி ஈசல் கொட்டும்;
வயலிலிருந்து திரும்புகிற உழவு இயந்திரங்கள்
தார் ரோட்டில் சேற்றை உரித்துப் போட்டுப்போகும்.
அதற்கு முதல் மாற்றியிருக்க வேணும்.
தண்டம் எழுத யாரும் வரமாட்டார்கள்.
போன மாரியில், சந்திவெளி வளைவில்,
முழங்கையால் கட்டினேன் நான்.

பழைய டயரின் பள்ளத்தில்
இரண்டு ரூபாய்க் குற்றியை நட்டுப் பார்த்தான் உவைஸ்.
நிற்கவில்லை. விழுந்து உருண்டது.
"மொட்டை. இதுல போய்த்தான் பிரசவம் பாக்கிறீங்களா?"
சம்பளத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.
கொப்பியில் எழுதச் சொன்னேன்.
என் பெயர் எழுதவில்லை:
மிஸ்ஸி, பின் டயர், மாரி.

மார்கழியில் ஓர் இரவு பேரின்பம் கோல் எடுத்தான்.
மனைவிக்கு முப்பத்தெட்டாம் கிழமை,
வலி தொடங்கிவிட்டது.
புதிய டயர் ஒருதரமும் வழுக்கவில்லை.
பள்ளங்கள் தண்ணீரை வாரி இருபக்கமும் எறிந்தன.
சந்திவெளி வளைவு வந்ததே தெரியவில்லை;
கடந்தபிறகு முழங்கைதான் நினைவுபடுத்தியது.

கிரான் பாலத்தோடு ரோடு முடிந்திருந்தது.
பாலம் இருந்த இடத்தில்
எல்லைக் கட்டைகளின் வெள்ளைத் தலைகள் மட்டும்.
பூட்டிய கடையொன்றின் தூணில் ஸ்கூட்டியைச் சங்கிலியிட்டு
பையைத் தலையில் வைத்தபடி நின்றேன்.

அப்பால் ஒரு டோர்ச் ஆடி ஆடி வந்தது.
உழவு இயந்திரத்தின் பெரிய டியூப்,
மேலே கழற்றிய கதவு,
கதவில் ஒருக்களித்து அவள்,
உரப்பையை அவளுக்குக் கூரையாய்ப் பிடித்தபடி மாமி,
நெஞ்சளவு தண்ணீரில்
பேரின்பமும் அவன் தமையனும்.

டியூபில் ஐந்து ஒட்டு எண்ணினேன்.
சதுரம் சதுரமாய், ஓரம் சீவி.
உவைஸின் கை.
ஆறாவது இடத்தில் இன்னும் ஒட்டில்லை.
அதன்மேல் பெருவிரலை வைத்து
அக்கரையிலிருந்து அழுத்திக்கொண்டே வந்திருக்கிறான்
பேரின்பம்.
பலகையை இறக்கியபிறகும்
எடுக்க மறந்து நின்றான்.

வாழைச்சேனைக்குப் போகும் வழியில், அம்புலன்சுக்குள்,
பெட்டைப் பிள்ளை. இரண்டு கிலோ எண்ணூறு.

விடிந்து ஸ்கூட்டியை எடுக்கப் போனேன்.
பின்சக்கரம் தட்டையாய்க் குந்தியிருந்தது.
சேற்றைத் துடைத்துப் பார்த்தால்
புதுப் பள்ளத்தின் நடுவில், தலை மினுங்க,
ஒரு கூரைத்தகட்டு ஆணி.

படம் எடுத்து அல்ற்றாவுக்கு அனுப்பினேன்:
"தம்பி, இங்கயும் போட்டாச்சு."