நட்டின் ஒரு முகம்

தங்கச்சிமடத்தில் செயின் இல்லாத பைக்
எனக்குத் தெரிந்து ஒன்றுதான்.
நண்டுக் கம்பெனியில் கணக்கெழுதும் எஸ்கலின்
மதுரையில் ஏலத்தில் எடுத்தது.
பின்சக்கரத்தை இழுப்பது பல் வைத்த ரப்பர் பெல்ட்.

"செயினுக்கு மாத்திருங்க" என்றார்களாம்
ராமநாதபுரத்தில் இரண்டு பேர்,
உச்சிப்புளியில் ஒருத்தர்.
நாலாவது ஆள் நான்.
எனக்குப் பழக்கமான பெல்ட்
ஐஸ் உடைக்கிற மெஷினில் ஓடுவது,
விசைப்படகில் டைனமோவைச் சுற்றுவது.
அதைச் சொல்லாமல் சாவியை வாங்கிக்கொண்டேன்.

நாற்பதைத் தொட்டால் சத்தம் வருமாம்.
சுற்றுக்கு ஒரு கீச்.
"எண்ணிப் பார்த்தேன் அண்ணே,
பாம்பன் பாலம் பாதி வர்றதுக்குள்ள
எண்ணிக்கை விட்டுப்போச்சு."
கணக்கெழுதுகிறவளுக்கு அது பெரிய குறைதான்.

வண்டியைத் தூக்கி நிறுத்தினேன்.
பெரிய பல்சக்கரத்தின் இடது விளிம்பில்
கறுப்புத் தூள், விரலில் ஒட்டியது.
பல்லிடுக்கில் ஒரு சிப்பித் துணுக்கு;
வலை ஊசியால் நெம்பி எடுத்தேன்.
அச்சு நட்டைத் தளர்த்தி
மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு
சக்கரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.
டயரை என் பக்கமாக இழுத்து இழுத்துச் சுற்றினேன்.

பெல்ட் வலப்பக்கம் ஏறியது.

தூள் இடது என்கிறது, கண் வலது என்கிறது.
கண்ணை நம்பினேன்.
வலது சரிநட்டில் ஒரு முகம் முறுக்கினேன்,
ஆறு முகத்தில் ஒன்று.
சுற்றினேன். வலப்பக்கம்தான்.
இன்னொரு முகம்.
இன்னும் வேகமாக வலப்பக்கம்.
கரண்ட் போனது, வந்தது.
ஐஸ் லாரிக்காரன் எட்டிப் பார்த்து
"என்ன, செக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.
மணி பதினொன்று.
முறுக்க முறுக்க
ஆகாதவர் வீட்டுக்குப் போகிற பிள்ளை மாதிரி
அது அந்தப் பக்கமே போனது.

காலை ஆறு மணிக்கு எஸ்கலின் வந்தாள்.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே
கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.
"ஏண்ணே, பின்னாலயே சுத்துறீங்க?
இந்த வண்டிக்கு ரிவர்ஸ் கிடையாதே."

மீன்பெட்டியிலிருந்து எழுந்திருக்க
எனக்குச் சற்று நேரம் ஆனது.

முன்னால் சுற்றினால்
இரண்டே சுற்றில் இடது விளிம்பில் போய் உரசியது,
தூள் சொன்ன அதே இடத்தில்.
ராத்திரி முறுக்கிய எல்லா முகத்தையும்
எண்ணி எண்ணித் திருப்பிக் கொடுத்தேன்.
பிறகு இடது நட்டில் ஒரு முகம்.
பத்துச் சுற்று. பொறுத்துப் பார்த்தேன்.
இன்னொரு அரை.
பெல்ட் விளிம்பை விட்டு
ஒரு நூல் உள்ளே வந்து
அங்கேயே நின்று ஓடியது.

இறுக்கம் பார்க்க என்னிடம் கருவி இல்லை.
நண்டு நிறுக்கிற கொக்கித் தராசை
அவள் கம்பெனியிலிருந்து எடுத்து வந்தாள்.
பெல்ட்டில் மாட்டிக் கீழே இழுத்தேன்.
நாலரைக் கிலோவில்
சுண்டுவிரல் கனம் இறங்கியது. போதும்.

அச்சு நட்டை இறுக்கினால்
எல்லாம் மறுபடி அரை நூல் நகர்ந்தது.
தளர்த்து. சுற்று. முன்னால். இறுக்கு.
மூன்றாம் முறைதான் இடத்தில் நின்றது.
நான் கெட்ட வார்த்தை சொன்னதை
அவள் கேட்காத மாதிரி
மாதா கோயில் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இப்போது கச்சான் காலம்.
சாயங்காலம் பாலத்தில் அவள் வீடு திரும்பும்போது
காற்று வண்டியை இடப்பக்கம் தள்ளும்.
உடம்பை வலப்பக்கம் சாய்த்தே வருகிறாள்.
பெல்ட் நடுவில் ஓடுகிறது.
முன்பெல்லாம் வளைவு வரும்போதே
அவள் வருவது பட்டறைக்குத் தெரியும்.
நேற்று முதுகுக்குப் பின்னால் ஹாரன் அடித்ததும்
கையிலிருந்த ஸ்பேனர் காலில் விழுந்தது.

கூலி எண்ணூறு கேட்டேன்.
நானூறு தந்தாள்.
"முன்னால சுத்துனதுக்கு மட்டும்" என்றாள்.
கணக்கு சரிதான்.