கொழுப்புச் சதவீதம்

குன்னூர் பெட்போர்டில் மருந்துக்கடைக்கு மேல்மாடி.
காலை ஐந்தரைக்கு ஷட்டரைத் தூக்குவது நான்.
ரப்பர் விரிப்பில் நேற்றைய வியர்வை
இன்னும் காயாமல் கிடக்கும்.
இந்தப் பனியில் எதுதான் காய்கிறது.

மூன்று மாதமாக இங்கே ஒரு வழக்கு.
எங்கேயும் போகாத சைக்கிளை மிதித்துக்கொண்டே
ஹேமலதா மேடம்தான் தொடங்கிவைத்தார்:
"யோகேஸ்வரியப் பாருங்க, ஊசி மாதிரி.
அப்படி என்னதான் சாப்பிடுற நீ?"

அது ஜீன் மேடம், என்றார் ஜெரோம் மாஸ்டர்,
கருவிலேயே எழுதியாச்சு.
கிடையாது, என்றார் எலும்பு டாக்டர்
பளுவை மெதுவாகக் கீழே வைத்து.
நடை. தூக்கம். வாய்க்கட்டு. அவ்வளவுதான்.

கண்ணாடிக்குள் இருந்த ஆறு பேரும்
என் இடுப்பைப் பார்த்தார்கள்.
நான் மாப்பைப் பிழிந்தேன்.

சாட்சிக்கு என்னிடம் ஆட்கள் உண்டு.
யாரும் கூப்பிடவில்லை.

அக்கா சிவபாக்கியம்.
ஒரே வயிறு, ஒரே லைன் வீடு, ஒரே ரேஷன் அரிசி.
அவள் ரவிக்கை எனக்குச் சேரும், என்னுடையது அவளுக்கு.
பனியனில் பிசிறு வெட்டத் திருப்பூர் போனாள்.
பதினாறு வருடம் ஒரே ஸ்டூல்.
போன பொங்கலுக்கு வந்தவள்
எங்கள் வீட்டுப் படியில் நாலு இடத்தில் நின்றாள்,
தேயிலையை ரசிப்பதுபோல.
படிகள் இருநூற்றுப் பதினேழு.
டாக்டர் பக்கம் ஒரு புள்ளி.

ஆனால் கொழுந்தன் துரைராசு?
பேக்கரியில் வேலை. வர்க்கியும் பன்னுமே சாப்பாடு.
விழுந்த போனை எடுக்கவும் குனியாதவன்.
விலா எலும்பை எண்ணிவிடலாம்.
அவன் அப்பனும் அப்படியே, சித்தப்பனும் அப்படியே.

அம்மாவை எந்தப் பக்கம் எழுதுவது?
எழுபத்துநாலில் கண்டிப் பக்கத்துத் தோட்டத்தில்
மாவு நின்றுபோன மாதங்களில்
மரவள்ளித் தோலை அவித்துத் தின்ற பிள்ளை அவள்.
கப்பல் இறங்கி, மண்டபம் முகாமில்
யாரோ ஒரு நர்ஸ் தராசில் ஏற்றினாளாம்.
வயது ஒன்பது. பதினாறு கிலோ.
இன்றைக்கும் கடைசிக் கவளத்தைத்
தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுவாள்,
யாரோ வரப்போகிறார்கள் என்பதுபோல.
எனக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை.
நானும் ஒதுக்குகிறேன்.

இது ஜீனா மாஸ்டர், பழக்கமா டாக்டர்?
பசி எந்த வழியாக வரும் பிள்ளைக்கு,
ரத்தத்திலா, தட்டிலா?
கேட்கவில்லை. பாத்ரூம் கழுவ நேரமாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை புது மிஷின் வந்தது.
செருப்பைக் கழற்றிட்டு ஏறு யோகேஸ், என்றார் மாஸ்டர்.
பாதம் சில்லிட்டது.
ரோஜாக் கலரில் ஒரு சீட்டு வந்தது:
கொழுப்பு பதினைந்து சதவீதம்.
வகை: விளையாட்டு வீரர்.

கைதட்டினார்கள்.
மேடம் சீட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டார்.
வாழ்க்கையில் நான் ஓடியது ஒரே ஒருமுறை,
காட்டெருமை திரும்பிப் பார்த்த அன்றைக்கு.
அதிலும் டிபன் டப்பாவைப் போட்டுவிட்டேன்.

பைக்குள் இன்னொரு சீட்டு இருந்தது.
லாலி ஆஸ்பத்திரியில் போன மாதம் கொடுத்தது.
ரத்தம் எட்டு என்று எழுதி
சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது.
அதை நான் எடுத்து நீட்டவில்லை.
கைதட்டு அப்போதுதான் அடங்கியிருந்தது.

ராத்திரி மகளுக்கு முட்டை பொரித்தேன்.
நிலானிக்குப் பதின்மூன்று,
கன்னம் இரண்டும் சுடச்சுட உப்பிய பூரி.
அதை நான் எவ்வளவு செலவழித்துச் சேர்த்தேன்
என்று அவளுக்குத் தெரியாது.
பாதியில் கையை உதறினாள்.
"போதும்மா. குண்டாயிடுவேன்.
உன்னை மாதிரி இருக்கணும் நான்."

தட்டின் ஓரத்தில்
ஒரு கவளம் ஒதுங்கியிருந்தது.
அதே இடத்தில்.

அவள் கை கழுவப் போனதும்
அதை எடுத்து நான் தின்றேன்,
நின்றபடியே,
முட்டையோடு.