வாட் கணக்கு

இதற்கென்று சபையில் சேர்ந்தது
நானூற்றுப் பன்னிரண்டு டாலர்.
முக்கால்வாசி, பொரித்த மீன் விற்ற காசு.
நோட்டுகளில் இன்னும் எண்ணெய் வாசம்.

பழைய ஆம்ப்
பெந்தெகொஸ்தே ஞாயிறன்று
இரண்டாம் பாட்டின் நடுவில் போய்ச் சேர்ந்தது.
உள்ளே கூம்புத்தாள் கிழிந்து
குளவி கூட்டைக் கலைத்தாற்போல் ஒரு சத்தம்.
அந்நிய பாஷை இறங்கிவிட்டதென்று
முன்வரிசையில் யாரோ அல்லேலூயா சொன்னார்கள்.

நான் வெர்லீன்.
வாரத்தில் ஐந்து நாள் கேரி நகரத்தில் பேருந்து ஓட்டுகிறேன்.
ஞாயிறு, நாலு தந்தி.

ஆம்பே வேண்டாம் சிஸ்டர் என்றான்
ஒலிமேசையில் உட்காரும் ஜமாரியன்.
கிட்டாரை நேராக என் மேசையில் செருகுங்கள்,
காதில் இதை மாட்டிக்கொள்ளுங்கள்.
ஒரு மாதம் மாட்டிப் பார்த்தேன்.
ஏரிக்குள் தலையை முக்கிக்கொண்டு
கரையில் நடக்கும் கல்யாணத்தைக் கேட்பதுபோல் இருந்தது.

உதவிக்காரர் ஹோசியா மல்ட்ரோவுக்கு எல்லாமே பெரிதாக வேண்டும்.
எட்டு ஒலிபெருக்கி வைத்தது, ஃபிரிட்ஜ் உயரம்,
நாலு பேர் பிடித்தால்தான் நகரும்.
எங்கள் சபையில் தூக்கும் வயதில் மூன்று பேர்,
அதில் ஒருவருக்குக் குடலிறக்கம்.

ஹாமண்டில் கடைக்குப் போனேன்.
பையன்கள் தந்தியை அறைந்து அறைந்து
ஒரே மூச்சில் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.
நான் அடித்தட்டு ஈ ஸ்வரத்தை ஒருமுறை மீட்டிவிட்டு
நின்றேன்.
வேறு ஏதாவது வாசித்துப் பாருங்கள் என்றான் கடைக்காரன்.
வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன்.

எங்கள் ஆலயம் முன்பு மெத்தைக்கடை.
தாழ்ந்த கூரை, தடித்த கம்பளம்,
தெருப்பக்கம் முழுக்க ஒரே கண்ணாடி.
ஏ ஸ்வரத்தைத் தொட்டால் அந்தக் கண்ணாடியும் கூடவே முனகும்.
கண்மூடி ஜெபிப்பவர்
என் சத்தத்தால் கண் திறக்கக் கூடாது.
நான் நிறுத்தினால் மட்டும்
என்ன குறைந்ததென்று திறக்க வேண்டும்.
இதை எத்தனை வாட் என்று
எந்தப் பெட்டியிலும் எழுதியிருக்கவில்லை.

கடைசியில் கிடைத்தது
பூட்டிவிட்ட ஒரு மதுக்கூடத்தின் ஏலத்தில்.
பதினைந்து அங்குலம் ஒற்றை ஒலிபெருக்கி,
முந்நூறு வாட்,
முந்நூற்று நாற்பது டாலர்.
முன்துணி முழுக்க போர்பன் நாற்றம்.
ஓசெல்லா க்ரட்ச்ஃபீல்ட் ஒரு டப்பா ஆப்பசோடாவைக் கொட்டி
மூன்று நாள் ஊறவிட்டுத் துடைத்தாள்.
போனது. மழை நாளில் திரும்பி வந்தது.

சகோதரர் லெமுவேல் டிலார்ட்
எப்போதும் இரண்டாம் வரிசை, என் இடப்பக்கம்.
குடியை விட்டுப் பதினோரு வருடம்.
முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வந்து
பெட்டியின் மேல்பக்கத்தைத் தடவினார்.
வட்டமாக ஒரு வெள்ளைத் தழும்பு.
"இதை எனக்குத் தெரியும்" என்றார்.
"கிளாஸை இங்கேதான் வைப்பேன்.
அந்தப் பாஸ்காரன் ஒன்றும் சொல்லமாட்டான்."
சிரித்தார். பிறகு தொப்பியைத் தேடினார்,
தலையிலேயே இருந்தது.

மீதிக் காசில் புதுத் துணி போட்டேன்.
தழும்பைத் தேய்த்தும் பார்த்தேன்,
உப்புத்தாள் தீர்ந்ததுதான் மிச்சம்.
அடுத்த வாரம் லெமுவேல் கடைசி வரிசையில்,
ஹீட்டருக்குப் பக்கத்தில்.
அதற்கடுத்த வாரமும்.
குளிருக்காக என்று சொன்னார். அது ஜூன் மாதம்.

அங்கே கம்பளம் இல்லை.
ஒருநாள் யாரும் இல்லாதபோது
கிட்டாரை ஜமாரியனிடம் கொடுத்துவிட்டு
அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.
பாட்டு வந்தது, டிரம் வந்தது.
காலடிக்கு ஒன்றும் வரவில்லை.

இப்போதெல்லாம் முதல் பாட்டு தொடங்கியதும்
குமிழை ஒரு கோடு கூடுதலாகத் திருப்புகிறேன்.
கண்ணாடி முனகுகிறது.
ஜமாரியன் மேசைக்குப் பின்னால் எழுந்து நின்று
குறை, குறை என்று கை காட்டுகிறான்.
நான் கடைசி வரிசையில் ஒரு ஷூவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்,
தட்டுகிறதா என்று.